வெறும் வாக்குமூலம்

சென்ற ஆண்டு ஓசூரில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். பேச வந்தவர் நிறைய வாசித்தவர், முற்போக்காளர் என்று பெயரெடுத்தவர். ஒரு தலித் பெண்ணின் தன்வரலாற்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வலி இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஆனால் இது இன்னும் இலக்கியமாகவில்லை. வெறும் வாக்குமூலமாக நின்றுவிட்டது." கைதட்டினார்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து யூனிஃபாரத்தோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். பழக்கதோஷம்.

அதே வாரத்தில் ஒரு பெண்ணுக்குத் துணையாக ஒரு காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "நல்லா கதை கட்டறீங்கம்மா. யார் சொல்லிக் குடுத்தது, இவங்களா?" என்று என்னைக் காட்டினார்.

இலக்கியத்துக்குப் போனால், இது கதை இல்லை, வாக்குமூலம் என்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், இது வாக்குமூலம் இல்லை, கதை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வேலைதானோ என்று அன்றைக்குக் கல்லாவிக்குத் திரும்பும் பஸ்ஸில் பட்டது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் சின்னம்மா கதையிலிருந்து தொடங்கலாம். (கதை என்று நானே எழுதிவிட்டேன், பாருங்கள்.) நான் பிளஸ் டூ படித்த வருஷம் அது. சின்னம்மா ஓர் ஆதிக்க சாதிக்காரர் நிலத்து வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் வந்தார், புல்லுக் கட்டை உதைத்தார், சின்னம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் செருப்பால் அடித்தார். கூடவே சாதிப் பெயரையும் அதோடு ஒட்டி ஒரு வார்த்தையையும் சொன்னார். பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டியை ஓர் உதை விட்டதில் அது இரண்டு நாள் கிடந்து செத்துப்போனது. சின்னம்மா இதையெல்லாம் ஸ்டேஷனில் அரை மணிநேரம் சொன்னார். குட்டி எந்த நிறம், தாய் ஆடு எப்படிக் கத்தியது, அந்த ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், அப்போது யார் யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எல்லாவற்றையும்.

எழுதப்பட்டது ஏழு வரி. மேற்படி எதிரி மேற்படி வாதியை வழிமறித்து ஆபாசமாகப் பேசி கையால் அடித்து மிரட்டியதாக. கடைசியில், படித்துக் காட்டக் கேட்டேன், சரி. அதன் கீழே சின்னம்மாவின் கட்டை விரல் ரேகை. யாரும் எதையும் படித்துக் காட்டவில்லை.

அந்தக் காகிதத்தின் நகல் பல வருஷம் கழித்து என் கைக்கு வந்தது. சின்னம்மாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "இது யாரோட கேசு?" என்றார்.

எம்.ஏ.வில் எங்களுக்கு நடையியல் உண்டு. புதுமைப்பித்தன் நடை, மௌனி நடை என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோம். எஃப்.ஐ.ஆர். நடை பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. ஒருவேளை தமிழில் நம் ஜனங்களைப் பற்றி அதிகமாக எழுதப்பட்டிருக்கும் உரைநடையே அதுவாக இருக்கலாம். அந்த நடைக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. பொருள்களுக்குப் பெயர் இருக்காது. செருப்பு கையாகிவிடும். ஆட்டுக்குட்டி இருக்கவே இருக்காது. முக்கியமாக, சாதிப் பெயர் 'ஆபாசம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோகும். எழுதுகிறவருக்கு நாகரிகம், அசிங்கமான வார்த்தையை எழுத மாட்டார்! அந்த நாகரிகத்தின் விலை என்ன தெரியுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினான் என்று அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட வேண்டுமென்றால், என்ன சொல்லி இழிவுபடுத்தினான், யார் பார்வையில் படும்படியாக என்பது காகிதத்தில் இருந்தாக வேண்டும். அந்த வார்த்தை போனால் பிரிவு போகும். பிரிவு போனால் முன்ஜாமீனுக்கு இருக்கும் தடை போகும், டிஎஸ்பி விசாரணை போகும், நிவாரணம் போகும். சின்னம்மா வழக்கு கடைசியில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று மூடப்பட்டது. நடந்தது பற்றிய தவறான புரிதலாம். புரிதலில் தவறு யாருடையது என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை.

வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. 2015ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது அதை இன்னும் இறுக்கினார்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வாசித்துக் காட்டுவது அரசு ஊழியரின் கடமை, வேண்டுமென்றே செய்யத் தவறினால் அதற்கே தண்டனை உண்டு. அதாவது, நம் வாய்ச்சொல் காகிதத்துக்குப் போகும் வழியில் களவு போகிறது என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழ் விமர்சகர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

யாருடைய சொல் செல்லும் என்பது இந்த நாட்டில் பழைய விவகாரம். மனுவின் எட்டாவது அத்தியாயத்தில் சாட்சிகளுக்கே ஒரு வரிசை இருக்கிறது. இருபிறப்பாளருக்கு இருபிறப்பாளர் சாட்சி, சூத்திரருக்குச் சூத்திரர், கடையருக்குக் கடையர், பெண்ணுக்குப் பெண். அடித்தவன் மேலே, அடிபட்டவன் கீழே என்றால் கீழே இருப்பவன் சொல்லுக்கு அங்கே என்ன எடை இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் 1927 டிசம்பர் 25ல் மகத்தில் அந்த நூலைக் கொளுத்தியபோது எரிந்தவற்றில் இந்தச் சாட்சி விதியும் ஒன்று.

அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இரண்டு பாதி இருக்கிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது முதல் பாதி. சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியை மேடைதோறும் சொல்கிறோம், அது இங்கிலாந்திலிருந்து வந்த சிந்தனை. இரண்டாம் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானபின் 1868ல் நிறைவேறிய 14ஆவது திருத்தத்தில் இருக்கும் சொற்கள் அவை. (இரண்டுமே 14 என்பது தற்செயல்தான். பட்டிமன்றக்காரர்கள் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.) அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1866ல், அங்கே குடிமை உரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கறுப்பர்களுக்கு அது உறுதிசெய்த உரிமைகளின் பட்டியலில் ஒப்பந்தம் செய்வது, சொத்து வைத்திருப்பது இவற்றோடு கூட, நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கும் உரிமையும் இருக்கிறது. அடிமை மாநிலங்களில் வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல முடியாது என்றிருந்ததால் அதைத் தனியாகச் சொல்லவேண்டி வந்தது. ஆக, சமமான பாதுகாப்பு என்ற சொல்லின் வேரில் சாட்சிக்கூண்டு இருக்கிறது.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? 1955ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையனைக் கொன்ற வழக்கில், அவனுடைய உறவுக்காரப் பெரியவர் மோஸ் ரைட், ஒரு வாரக் குடியானவர், வெள்ளையர் நிறைந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று கொலையாளிகளைக் கைநீட்டிக் காட்டினார். முழுக்க வெள்ளையர்களாலான ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டது. மோஸ் ரைட் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. இங்கே தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்ததும் அதே 1955. 1976ல் அதற்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள்.

நம் மிசிசிப்பிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி, 44 பேர். கீழ்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பகுதி உண்டு. குற்றம்சாட்டப்பட்டவர்கள் எல்லாம் நிறைய நிலம் உள்ள மிராசுதாரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் ஆள் வைக்காமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற வாதம். சட்டமாக இதை நிறையப் பேர் விமர்சித்திருக்கிறார்கள். நான் கதையாடலாக வாசிக்கச் சொல்கிறேன். கதாபாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்கிறார் நீதிபதி! நல்ல குடும்பத்து மனிதர் இப்படிச் செய்ய மாட்டார் என்பது நாவல் விமர்சகர் பேசும் பேச்சு. எரிந்த குடிசைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல, அதை எதிர்த்து நின்றது இன்னொரு சாட்சி இல்லை. மிராசுதார் என்றால் எப்படி இருப்பார் என்ற ஒரு பிம்பம். பிம்பம் ஜெயித்தது. அதே இரவில் நடந்த இன்னொரு கொலைக்காகத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அவர்கள் கொலை செய்திருப்பார்கள் என்று நம்புவதில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை.

இலக்கியம் என்ன செய்தது? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975ல் வந்தது, 1977ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலவுடைமையாளரின் ஆண்மையின்மையில் கொடூரத்துக்குக் காரணம் தேடியது என்ற விமர்சனம் பழையது, அதில் எனக்கும் உடன்பாடுதான். எனக்குப் படுவது வேறொன்று. அந்த நாவலில் பார்க்கிறவர்கள், யோசிக்கிறவர்கள் டெல்லியிலிருந்து வந்த படித்த மனிதர்கள். எரிந்தவர்களின் ஆட்கள் நாவலுக்குள் பாதிக்கப்படுகிறார்கள், சாட்சியாக வருவதில்லை. உயர்நீதிமன்றம் அவர்களின் சொல்லை நம்பவில்லை என்றால், நாவல் அவர்களைக் கூண்டுக்கே அழைக்கவில்லை. 2005ல் வந்த பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில்தான் அந்த ஊர் வாய் திறந்து பேசுவதை நான் பார்த்தேன். அதையும் சிலர் வெறும் பதிவு என்றார்கள்.

இனி எங்கள் பக்கம். வாச்சாத்தி அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004ல்தான். 1992ல் கல்லாவியும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டம். அந்த ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். மலையாளிப் பழங்குடி ஜனங்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். ஊரே அடித்து நொறுக்கப்பட்டது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், கைக்குழந்தையோடு பெண்களும், சேலம் சிறைக்குப் போனார்கள். அந்த வருஷம் உயர்நீதிமன்றத்துக்குப் போன முதல் மனு, பொறுப்புள்ள அரசு ஊழியர்கள் இப்படியெல்லாம் நடந்திருப்பார்கள் என்று நம்ப முடியாது என்று தள்ளுபடியானது. வெண்மணிக்குச் சொன்ன அதே காரணம், பத்தொன்பது வருஷம் கழித்து. மிராசுதார் இருந்த இடத்தில் அரசு ஊழியர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த முறை விஷயம் அங்கே நிற்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடவில்லை. எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து பாமதி நேரில் வந்து ஓர் அறிக்கை எழுதினார். உச்சநீதிமன்றம் வரை போய், 1995ல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023ல் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் மார்ச் மாதம் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29ல், அதாவது சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எல்லா மேல்முறையீடும் தள்ளுபடி. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். அன்றைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த ஜனங்களைப் பலியாக்கினார்கள் என்றும் தீர்ப்பு சொன்னது.

2011ல் தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தருமபுரி கோர்ட்டுக்குப் போகலாம் என்று தோழர்கள் கூப்பிட்டார்கள். இன்டர்னல் டெஸ்ட் என்று சொல்லிவிட்டேன். சிலப்பதிகாரம், வழக்குரை காதை. கண்ணகி பாண்டியன் சபையில் நீதி கேட்டதை விடைத்தாளில் எழுதிவிட்டு, அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி நிஜமாகவே நீதி கேட்டுப் பத்தொன்பது வருஷம் நின்ற பெண்களைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். கண்ணகிக்கு ஒரு நாளில் தீர்ப்பு வந்தது. அரசனே நம்பிவிட்டான், சிலம்பை உடைத்துக் காட்டியதும். அவள் வணிகர் குலம், அணிந்தது மாணிக்கப் பரல். எங்கள் சின்னம்மாவிடம் உடைத்துக் காட்ட என்ன இருந்தது?

வாச்சாத்திப் பெண்களிடமும் சொல்தான் இருந்தது. படிப்பு இல்லை. பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளைகள் வந்துவிட்டன. பேரப்பிள்ளை எடுத்தபின்னும் கோர்ட்டுக்குப் போய் அதே ஏரிக்கரையை, அதே நாளை, மறுபடி சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணை என்பது ஒரு வகையான விமர்சனம்தான். முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே, இந்த இடம் நம்பும்படி இல்லையே, வேறு யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறதே. தலித் தன்வரலாறுகளுக்கு வந்த மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள், இதே கேள்விகள்தான். பாமாவின் 'கருக்கு' வந்ததும் அதே 1992. பேச்சு மொழியில் இருக்கிறது, கட்டுக்கோப்பு இல்லை, நாவலா சுயசரிதையா என்று தெரியவில்லை என்று எத்தனை பேர் எழுதினார்கள்! ஒரே ஆண்டில் ஒரு பக்கம் நீதிமன்றமும் இன்னொரு பக்கம் இலக்கியச் சபையும் பெண்களின் வாக்குமூலத்தை வாசலில் நிறுத்தி வைத்திருந்தன. வாச்சாத்தி வாசலைத் திறந்தது. 'கருக்கு'ம் திறந்தது, உலக மொழிகளுக்குப் போனது. இருந்தும் ஓசூர்க் கூட்டத்தில் அதே 'வெறும்' கேட்கிறது.

இங்கே நம்மையும் சொல்லியாக வேண்டும். வாச்சாத்தி வழக்கை முப்பது வருஷம் தூக்கிச் சுமந்தது தலித் இயக்கங்கள் அல்ல, இடதுசாரிகள். இடதுசாரிகள் சாதியைப் பேசுவதில்லை என்று நாம் எழுதியதெல்லாம் சரிதான், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வாய்தா வாய்தாவாக ஜனங்களோடு கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டால் பதில் தெரியும். நம் ஆட்கள் தீ எரிந்த மறுநாள் வருகிறோம், உண்மை அறியும் குழு, துண்டறிக்கை, ஆர்ப்பாட்டம். பிறகு சாட்சி தனியாக நிற்கிறான். நம் பத்திரிகைகளும் அப்படித்தான், எரிந்த குடிசையின் படத்தை அட்டையில் போடுகிறோம், அந்த வழக்கின் பதினோராவது வருஷத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஆளில்லை.

சினிமா எழுதியது, அதன் வழியில். 'ஜெய் பீம்' (2021) கம்மாபுரம் வழக்கை எடுத்துக்கொண்ட படம். லட்சக்கணக்கான பேரை அழவைத்தது, சந்தோஷம். செங்கேணி டிஜிபி தரும் பணத்தை மறுத்துவிட்டு நடக்கும் இடம் எனக்கும் பிடிக்கும். ஆனால் படம் போகப் போக பேச்சு முழுவதும் வழக்கறிஞர் வாய்க்குப் போய்விடுகிறது. செங்கேணி பார்க்கிறாள், அழுகிறாள், நம்புகிறாள். நீதி என்பது ஒரு நல்ல மனிதர் கீழே குனிந்து தருவது என்ற பிம்பம் மறுபடி வந்துவிடுகிறது. 'விடுதலை' முதல் பாகத்தில் (2023) ஸ்டேஷனில் பெண்களை நிர்வாணமாக்கி வதைக்கும் காட்சிகளில் வாச்சாத்தியின் நிழல் இருக்கிறது. அங்கே நம் சார்பாகப் பார்த்துத் துடிப்பவர் மனசாட்சியுள்ள ஒரு போலீஸ்காரர். அந்தப் பெண்களில் ஒருத்தியாவது பத்து வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி அவர்களைக் கைகாட்டுவாள் என்ற எண்ணமே அந்தக் காட்சியில் வரவில்லை. அது வந்த ஆறாவது மாதத்தில்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யை (2004) நான் விதிவிலக்காக வைக்கிறேன். மனித உரிமைக்காக வேலை செய்த ஒரு வழக்கறிஞர் மலை ஜனங்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதிய நாவல் அது. சில இடங்களில் கரடுமுரடு. ஆனால் சொன்னவர்களின் குரல் அதில் கேட்கிறது, எழுதியவர் ஒதுங்கி நிற்கிறார்.

சாட்சி என்று பேசும்போது எங்கள் பகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளூரிலேயே கூலி வேலை செய்கிறவர் சாட்சி சொன்னால் மறுநாள் களத்தில் வேலை இல்லை. அதனால் பிறழ்சாட்சி ஆகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சிப்காட்டும் பெங்களூர் கட்டட வேலையும் வந்தபிறகு கொஞ்சம் பையன்கள் நிமிர்ந்தார்கள். நிலக்காரரின் கூலியை நம்பாதவன் வாயைத் திறக்கிறான். ஆனால் அவன் ஊரில் இல்லை. சம்மன் கல்லாவிக்கு வரும், ஆள் ஒயிட்ஃபீல்டில் பத்தாவது மாடியில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருப்பான். காண்ட்ராக்ட் லேபருக்கு லீவு ஏது? ஒரு நாள் போனால் கூலி போகும், மூன்று தடவை போனால் வேலை போகும். கிருஷ்ணகிரி வரை வந்து நின்றால், இன்றைக்கு ஜட்ஜ் லீவு, அடுத்த மாதம் வா. 1995 விதிகளில் சாட்சிக்குப் பயணப்படி, தினப்படி உண்டு. 2015 திருத்தத்தில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைகள் என்று ஒரு தனி அத்தியாயமே வந்துவிட்டது: பாதுகாப்பு, தகவல் பெறும் உரிமை, விசாரணையை வீடியோ எடுப்பது. நான் கூட்டிப்போன சாட்சிகளில் ஒருவருக்குத்தான் இதுவரை படி கிடைத்திருக்கிறது. அவரும் நாலு தடவை அலைந்தார்.

வாச்சாத்தித் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது, 2012 நவம்பர் 7ல் தருமபுரிப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. ஒரு காதல் கல்யாணத்துக்காக. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துக் கட்டிய தளம் போட்ட வீடுகள், வண்டி, ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் சர்டிபிகேட். இரண்டு நாள் கழித்து நான் போன பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். "நிவாரணம் வாங்கறதுக்கு அவங்களே கொளுத்திக்கிட்டானுங்க." ஒருவர் சிரித்தார். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாம்பல் ஆறவில்லை, அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். அந்தக் கதையை யாரும் வெறும் வாக்குமூலம் என்று சொல்லவில்லை, அவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

ஆகவேதான் வாக்குமூலம் என்ற சொல்லை நான் வசையாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன். நம் எழுத்தில் அழகியல் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேச்சு மொழியில் எழுதினாலே உசத்தி என்றும் சொல்லவில்லை. நம்மிலும் சோம்பேறித்தனமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு கொடுமையை வரிசையாக அடுக்கிவிட்டு நடுவில் ஒரு கோஷத்தைச் சொருகுகிற கட்டுரைகள் இந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கு மாதம் பத்து வருகின்றன. அவற்றில் குறை என்னவென்றால் அவை வாக்குமூலமாக இருப்பது அல்ல, நல்ல வாக்குமூலமாக இல்லாதது. எஃப்.ஐ.ஆர். போலவே அவற்றிலும் ஆட்டுக்குட்டி காணாமல் போகிறது. ஆதிக்க சாதியினர் கொடூரமாகத் தாக்கினர் என்று எழுதுகிறோம். எந்த வரப்பு, எந்தக் கை, என்ன வார்த்தை? கூண்டில் நின்ற வாச்சாத்திப் பெண்களிடம் இவ்வளவையும் கேட்டார்கள், அவர்கள் சொன்னார்கள். நம் எழுத்தாளர்கள் அவர்களிடம் போய்ப் படிக்கலாம். அந்த வழக்கின் சாட்சியப் பதிவுகளை, பெண்களின் பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டு, யாராவது தமிழில் புத்தகமாகத் தொகுத்தால் அதைத் தமிழ் இலக்கிய வகுப்பில் பாடமாக வைக்க நான் மனு கொடுப்பேன்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். "நல்லா கதை கட்டறீங்க" என்று சொன்னபிறகு நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம். எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதினேன். வழக்கமாக இப்படிப்பட்ட மனுக்களை நான் சுத்தத் தமிழில் எழுதுவேன். மேற்படி, எதிர்மனுதாரர், சமூக நீதிக்கு எதிராக, எல்லாம் வரும். அன்றைக்கு அப்படி எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன், வூடு என்றால் வூடு, இன்னா என்றால் இன்னா. அந்த ஆள் சொன்ன வார்த்தை வந்த இடத்தில் என் பேனா நின்றது. "எழுதுக்கா, அவன் சொன்னதுதானே, உனுக்கு இன்னா வெக்கம்" என்றார். எழுதினேன். முடித்து வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். ஒன்று, அவன் இடது கையால் அடித்தான், நான் வெறும் கை என்று எழுதியிருந்தேன். இன்னொன்று, அப்போது மணி அய்ந்து இல்லை, அய்ந்தரை, கம்பெனி பஸ் போய்விட்டது என்றார்.

மனு நான்கு பக்கம் வந்தது. உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தால், "இன்னாங்க இது, பேசற மாதிரியே எழுதிக்கினு வந்துட்டீங்க? பெட்டிஷன் மாதிரி எழுதுங்க" என்றார்கள். மாற்றி எழுத மாட்டோம் என்று நின்றோம். ஒரு மணி நேரம் கழித்து சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். அன்றைக்குப் போடவில்லை, எஸ்பி ஆபீஸ் போய் வந்தபிறகு பதினோராவது நாள் போட்டார்கள். அதோடு அந்த நான்கு பக்கமும் இணைப்பாகச் சேர்ந்திருக்கிறது. நகலைச் சின்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த இடது கை வந்த இடத்தில், "பீச்சாங்கையிலயா அடிச்சான்?" என்றார்.